பால் வெட்டிய கைக்கு ஆணி அடிக்கத் தெரியாதா?

கோப்பெங் வட்டாரத்தில் ஒரு காலத்தில் கித்தாக் காடாக இருந்த நிலங்களில் பல இன்று செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. லயத்தில் பிறந்து, பிரட்டுக் களத்தில் நின்று, பால் வாளி தூக்கிய குடும்பங்கள் பல இன்று சிறியதோ பெரியதோ ஒரு சொந்த வீட்டில் குடியிருக்கின்றன. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் சொந்த வீடு என்று வந்துவிட்டால் சின்னச் சின்ன மரவேலையும் கூடவே வந்துவிடுகிறது.

கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து. அதிலே கரப்பான் குடித்தனம். பிளைவுட் அலமாரியின் ஓரம் ஏடு ஏடாகப் பிய்ந்து பிள்ளைகளின் கையைக் கிழிக்கிறது. சாமி மேடையின் விளிம்பில் அடித்த சட்டம் ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. இதையெல்லாம் மூடி மறைத்துப் பிடித்து நிற்பது அரை அங்குலம், முக்கால் அங்குலம் கனமுள்ள மெல்லிய ஓரச்சட்டம். ஹார்ட்வேர் கடையில் 'பீடிங்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

"சின்ன வேலைதானே, ஒரு ஆளைக் கூப்பிடுவோம்" என்று நினைக்கிறோம். கூப்பிட்டால் என்ன ஆகிறது? இந்த நாட்டில் 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை 26 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 65 வெள்ளிக்குச் சற்று மேல் வருகிறது. ஓர் ஆள் வந்து இரண்டு சட்டம் அடித்துவிட்டுப் போனால் நம் ஒரு நாள் கூலி அப்படியே கை மாறிவிடும். வருகிறேன் என்று சொல்லி வராமல் இருக்கும் நாட்கள் வேறு!

இந்த வேலைக்கு மின்சாரக் கருவி வேண்டியதில்லை. ஒரு வாளியில் போட்டுத் தூக்கிச் செல்லக்கூடிய கைக்கருவிகளே போதும். அவசரப்படாத கை வேண்டும். அந்தக் கை நம்மிடம் இருக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தோம்.

ஒரு மில்லிமீட்டர் பாடம்

பேராக்கில் கித்தா மரம் முதன்முதலாக ஊன்றப்பட்டது 1877இல், கோலகங்சாரில். 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் இருந்த எச். என். ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்ல மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் காட்டினார். அந்த முறையைத் தினம் தினம், மரத்துக்கு மரம் கையால் செய்து காட்டியவர்கள் யார்? நம்மவர்கள்தான்.

பால் வெட்டுவதில் என்ன சூட்சுமம் என்று வெட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உயிர்த்தோல் ஒன்று இருக்கிறது. கத்தி அதைத் தொடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டுவைக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிஞ்சினால் மரத்தில் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது. கோடும் கண்டபடி போகக் கூடாது. தகரத் தகட்டை வைத்து ஏறக்குறைய 30 பாகைச் சாய்வு குறித்து, அதன் மேலேயே கத்தி போக வேண்டும். இதை விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடிக்கு நடுவே ஒரு நிரை முழுவதும் செய்தார்கள். ஆண்கள் மட்டுமா? பெண்களும்தான்.

ஓரச்சட்டம் அடிப்பதற்கும் இதே மூன்று குணம்தான் வேண்டும்: அளவாக அழுத்துவது, சாய்வைத் தவறாமல் பிடிப்பது, மரத்தைக் காயப்படுத்தாமல் இருப்பது. ஆகவே "இதெல்லாம் ஆசாரி வேலை, நமக்கு வராது" என்ற பேச்சை முதலில் விட்டுவிடுவோம்.

நாம் வெட்டிய மரம், நம் வீட்டுச் சட்டம்

இன்னொரு சங்கதியும் உண்டு. பால் வற்றிய கிழட்டு மரத்தை 25, 30 வயதில் வெட்டிச் சாய்த்து, ஒரு காலத்தில் விறகாகத்தான் எரித்தார்கள். கித்தா மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களுக்குள் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். பின்னாலேயே துளைக்கும் வண்டு வந்துவிடும். 'இந்த மரம் எதற்கும் உதவாது' என்று சொன்னதற்கு அதுதான் காரணம்.

பிறகு, வெட்டிய உடனே அறுத்து, போரான் உப்பு மருந்தைப் பலகைக்குள் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் பூச்சி அண்டாது என்று கண்டுகொண்டார்கள். 1980களிலிருந்து இந்த மரத்தின் மதிப்பு ஏறியது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத்தளவாடங்களில் கித்தா மரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கடையில் வெளிர் மஞ்சள் நிறத்தில் வழவழப்பாக ஒரு சட்டத்தைப் பார்த்தால் கேட்டுப் பாருங்கள். அது நம் கித்தாவாகவே இருக்கலாம்.

ஆனால் கித்தா மரம் சற்றுக் கடினமானது. துளை போடாமல் ஆணி அடித்தால் வெடித்துவிடும். வெளிச்சுவர், குளியலறை போன்ற ஈரம் படும் இடத்துக்கும் அது ஆகாது. மெரந்தி அதைவிட இளகிய மரம். முதன்முதலில் கை பழக மெரந்தியே நல்லது. எந்த மரமானாலும் வாங்கி வந்த அன்றே அடிக்காமல், அடிக்கப்போகும் அறையிலேயே ஒரு வாரம் படுக்கை வாட்டத்தில் போட்டு வையுங்கள். மரம் அந்த அறையின் காற்றுக்குப் பழகிக்கொண்டால் பிறகு சுருங்குவதும் வளைவதும் குறையும்.

வாளிக்குள் என்னென்ன வேண்டும்?

முதலாவது, சின்னச் சுத்தியல். 100 முதல் 225 கிராம் வரை எடை இருந்தால் போதும். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மெல்லிய நாக்குப் போலவும் இருப்பது சிறந்தது. இரண்டு விரலுக்கு நடுவே பிடித்த குட்டி ஆணியை அந்த நாக்குப் பக்கத்தால் தட்டி ஊன்றலாம். வீட்டில் தேங்காய் உடைக்கிற பெரிய சுத்தியல் இதற்கு ஆகாது.

இரண்டாவது, பல் நெருக்கமான சிறு ரம்பம். மூன்றாவது, கையால் சுற்றும் துரப்பணம். நான்காவது, ஓர் இரும்புக் குச்சி. அதன் நுனி ஆணித்தலை அளவே இருக்கும். ஆணியின் தலையை மரத்துக்குள் அமுக்க அது உதவும். கடையில் 'பஞ்ச்' என்பார்கள். ஐந்தாவது, குறடு. இவற்றோடு பென்சில், அளவு நாடா, மூலைமட்டம், உப்புத்தாள், வெள்ளைக் கோந்து, ஒரு துண்டு மெழுகுவத்தி.

உள்ளங்கையால் அழுத்தியே ஆணியை இறக்கும் கைக்கருவி ஒன்றும் உண்டு. மரப்பிடியும் அதன் முனையில் ஒரு குழாயும் இருக்கும். குழாய்க்குள் ஆணியைப் போட்டு, சட்டத்தின் மேல் வைத்து அழுத்தினால் ஆணி நேராக இறங்கும். கண்ணாடி ஓரத்தில், படச்சட்டத்தில் சுத்தியல் ஓங்க முடியாத இடத்துக்கு இது ரொம்ப வசதி. ஆனால் இளகிய மரத்துக்கும் குட்டி ஆணிக்கும்தான் சரிப்படும்.

ஆணியின் நீளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சட்டத்தின் கனத்தைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு. 10 மில்லிமீட்டர் சட்டத்துக்கு 25 முதல் 30 மில்லிமீட்டர் ஆணி, அதாவது ஓர் அங்குலம் அல்லது சற்றே கூடுதல். தலை சிறுத்த மெல்லிய ஆணியாக இருக்க வேண்டும். பெரிய ஆணி அடித்தால் பலம் என்று எண்ணுவது தவறு. பெரிய ஆணி சட்டத்தைப் பிளக்கும். பிளந்த சட்டம் எதையும் பிடிக்காது.

மூலை சேரவில்லையே!

புதிதாகச் செய்கிறவர்கள் மனம் தளர்வது மூலையில்தான். இரண்டு சட்டம் சேரும் மூலையில் ஒவ்வொன்றையும் 45 பாகை சாய்த்து வெட்டினால் இரண்டும் சேர்ந்து 90 ஆகும். இதற்கு ஒரு பெட்டியை நாமே செய்துகொள்ளலாம். அடியில் ஒரு பலகை, இரு பக்கமும் இரண்டு பலகை, மேலே திறந்த வாய்க்கால் மாதிரி. இரு பக்கப் பலகைகளிலும் மூலைமட்டத்தால் 45 பாகை குறித்து ரம்பத்தால் வாய் போட்டுவிட்டால் தீர்ந்தது. சட்டத்தை உள்ளே வைத்து, அந்த வாயில் ரம்பத்தை ஓட்டினால் சாய்வு தவறாது. பால் கோட்டுக்குத் தகரத் தகடு வைத்தோமே, அதே யுக்திதான்.

அளவு எடுக்கும்போது நாடாவை மட்டும் நம்பாதீர்கள். முடிந்தால் சட்டத்தையே அந்த இடத்தில் வைத்துப் பென்சிலால் குறியுங்கள். குறிக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே வெட்டி, பிறகு உப்புத்தாளில் தேய்த்துச் சரி செய்யுங்கள். குறைத்து வெட்டியதை யாராலும் நீட்ட முடியாது.

சுவர் மூலை சரியாக 90 பாகையா என்று பார்க்கக் கொத்தனார் கணக்கு ஒன்று உண்டு. மூலையிலிருந்து ஒரு சுவரில் 30 செண்டிமீட்டர், மறு சுவரில் 40 செண்டிமீட்டர் குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே குறுக்காக 50 செண்டிமீட்டர் இருந்தால் மூலை சரி. பெரும்பாலான வீடுகளில் இருக்காது! அப்படியானால் 45 என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டாமல், இரண்டு துண்டுக் கழிவுச் சட்டத்தை வெட்டி வைத்துப் பார்த்து, சாய்வைச் சற்றே கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

ஆணி ஏன் மரத்தைப் பிளக்கிறது?

விறகு பிளக்க ஆப்பு வைக்கிறோம். கூர்மையான ஆணியும் ஆப்பு மாதிரிதான். மரத்தின் நாரை இரு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு போகிறது. நடுவில் அடித்தால் நார் தாங்கும். முனையில் அடித்தால் தாங்க இடமில்லாமல் வெடிக்கும். இதைத் தடுக்க வழிகள் உண்டு.

ஒன்று, துளை. ஆணியின் தடிப்பில் முக்கால் பங்கு அளவுள்ள துளையைச் சட்டத்தில் முதலில் போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு மெல்லிய துளையூசி கிடைக்கவில்லையா? அதே ஆணி ஒன்றின் தலையைக் குறடால் வெட்டிவிட்டு, அதையே துரப்பணத்தில் மாட்டிச் சுற்றுங்கள். துளை விழும்.

இரண்டு, மழுங்கிய நுனி. ஆணியைத் தலைகீழாக ஓர் இரும்பின் மேல் நிறுத்தி, நுனியில் மெதுவாக ஒரு தட்டு. மழுங்கிய நுனி நாரை ஒதுக்காமல் நசுக்கிக்கொண்டு இறங்கும். பிளவு குறையும். பழைய தச்சர்கள் சொல்லாமலே செய்கிற வேலை இது.

மூன்று, இடம். சட்டத்தின் முனையிலிருந்து குறைந்தது 25 மில்லிமீட்டர் தள்ளி அடியுங்கள். எல்லா ஆணியையும் ஒரே நார்க்கோட்டில் வரிசை கட்டாமல், ஒன்று சற்று மேலே, அடுத்தது சற்றுக் கீழே என்று மாற்றி அடியுங்கள். ஆணிக்கு ஆணி 30 முதல் 40 செண்டிமீட்டர் இடைவெளி போதும்.

அடிக்கும் விதம் இது. ஒரு முனையில் தொடங்குங்கள். சட்டம் வளைந்திருந்தால் கையால் அமுக்கிக்கொண்டே அடுத்த முனைக்குப் போங்கள். ஆணியை நேராக இறக்காமல் ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் மிகச் சிறிது சாய்த்தால் பிடி இறுகும். சட்டம் சுலபத்தில் பெயராது. ஆணியில் மெழுகு தடவினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். சிலர் சவர்க்காரம் தடவுகிறார்கள். அது ஈரத்தை இழுத்து ஆணியைத் துருப்பிடிக்க வைக்கும். மெழுகே நல்லது.

தலை மரத்தைத் தொட இன்னும் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போது சுத்தியலை நிறுத்துங்கள். இனி பஞ்சை வைத்துத் தட்டி, தலையை மரத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் அமுக்குங்கள். இந்த நிதானம் இல்லாவிட்டால் சட்டத்தின் முகத்தில் சுத்தியல் வடு அரைநிலா அரைநிலாவாக விழும். பட்டையில் காயம் பட்ட மாதிரிதான் அதுவும், பிறகு மறையாது. குழியை மரத்தூள் பசையால் நிரப்புங்கள். கடையில் 'வூட் பில்லர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, சாயம் பூசுங்கள். சட்டத்தின் பின்புறத்துக்கும் வெட்டிய முனைகளுக்கும் அடிப்பதற்கு முன்பே ஒரு கை சாயம் பூசிவிட்டால் நம் ஊர் ஈரக் காற்று உள்ளே புகாது.

"விரல்ல அடி பட்டுடுமே?" என்று பயமா? பழைய சீப்பின் பல்லுக்கு நடுவே ஆணியைச் செருகிப் பிடியுங்கள். அல்லது ஓர் அட்டைத் துண்டில் ஆணியைக் குத்தி, அட்டையைப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். முக்கால் பங்கு இறங்கியதும் அட்டையைக் கிழித்து எடுத்துவிடலாம். ஆணி கோணிவிட்டால் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். குறட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய பலகைத் துண்டு வைத்து நெம்பி எடுத்துவிட்டுப் புது ஆணி போடுங்கள்.

செங்கல் சுவரில்

தாமான் வீட்டுச் சுவர் செங்கல்லும் சிமெண்டும். அதில் சாதாரண ஆணி நிற்காது; பூச்சுதான் உதிரும். கல் உளியால் சிறு துளை போட்டு, நன்றாகக் காய்ந்த கட்டை மர முளையை இறுக அடித்துச் சுவர் மட்டத்துக்குச் சீவிவிடுங்கள். அந்த முளையில் ஆணி அடித்தால் அசையாது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் முளையும் திருகாணியும் சேர்ந்தாலும் இதே வேலை நடக்கும். சிமெண்டு ஆணி என்று விற்பது கெட்டியான உருக்கு. தவறி அடித்தால் வளையாது, சட்டென்று உடைந்து கண்ணுக்குப் பாயும். கண்ணாடி போடாமல் அதைத் தொடாதீர்கள்.

தரையோரச் சட்டத்தைத் தரையைத் தொடும்படி அடிக்க வேண்டாம். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தூக்கி அடித்தால் தரை கழுவும் தண்ணீர் ஏறாது. நனைந்த மரத்தைத்தான் கரையான் முதலில் தேடி வருகிறது.

இதில் விளையாட்டு வேண்டாம்

சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் சுவருக்குள் மின்கம்பி ஓடும். அந்த வரிசையில் துளையோ ஆணியோ கூடவே கூடாது.

பழைய லயத்து வீட்டிலும் பழைய குவார்ட்டர்ஸிலும் மேல்தட்டுப் பலகைகளின் இடைவெளியை மூட மரச்சட்டம் அடித்திருப்பார்கள். அந்தத் தட்டு அஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கலாம். கண்ணால் பார்த்து அதைத் தீர்மானிக்க முடியாது. அதைத் துளைத்தாலும் உடைத்தாலும் அறுத்தாலும் பறக்கும் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். சந்தேகம் இருந்தால் கை வைக்காதீர்கள். அங்கே உங்கள் கைத்திறமையைக் காட்ட வேண்டியதில்லை.

தோட்ட வீட்டில் இன்னும் குடியிருப்போர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. கூரை ஒழுகல், இற்றுப்போன தூண், ஆடும் கதவு நிலை ஆகியவற்றை நம் காசில் சரி செய்ய வேண்டிய அவசியம் இல்லை. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கேட்டும் செய்யாவிட்டால் சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் சுவரை இடிப்பது, கூடுதல் கட்டுவது ஆகியவற்றுக்கும் அந்தச் சட்டம் இடம் தரவில்லை. அலமாரி ஓரத்துச் சட்டமும் சாமிப் படச் சட்டமும் நம்முடையவை. அவற்றை நாம் அடித்துக்கொள்ளலாம்.

முடிக்காத மாளிகை

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் வழியில் கெல்லி மாளிகையைப் பார்க்காதவர்கள் இல்லை. கிந்தா கெல்லாஸ் தோட்டத்துத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய கட்டடம். மதராசிலிருந்து வந்த நம்மவர்கள் அதில் உழைத்தார்கள். பக்கத்து மாரியம்மன் கோயில் கூரையிலே நிற்கும் வெள்ளைக்காரர் உருவம் அந்தத் துரைதான் என்று சொல்வார்கள். 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை முடியவில்லை. எவ்வளவு உயரமான சுவர் இருந்தும், ஒரு குடும்பம் கூட அதில் வாழ்ந்து பார்க்கவில்லை. கடைசி வேலையும் முடிந்தால்தான் கட்டடம் வீடாகும்.

நம் வீடு சின்னது; நம்மால் முடிக்கக்கூடியது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்து கிடக்கும் ஒரு படச்சட்டமே போதும். நான்கு துண்டு சட்டம், எட்டு ஆணி, கொஞ்சம் கோந்து. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, சீப்பில் ஆணியைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். "இது எப்படித் தாத்தா பிளக்காம இறங்குது?" என்று பேரப்பிள்ளை கேட்டால், ஆணியின் கதையோடு பால் வெட்டின கதையையும் சொல்லிக் கொடுங்கள். தோட்டம் மறைந்தாலும் அந்தக் கைப்பழக்கம் வீட்டிலேயே இருக்கட்டும்.